நாலாவது பட்டனில் ஒரு பொட்டு

உன் பொட்டு இன்னும் உதிரவில்லை. இன்று காலை மேசையைத் துடைக்கும்போது போர்டைத் தூக்கிப் பார்த்தேன். மேலெல்லாம் தூசி. ஆனால் நாலாவது பட்டனின் தலையில் நீ ஒட்டிய நீளப் பொட்டு, கறுப்பாக, ஓரம்கூடத் தூக்காமல் அப்படியே இருக்கிறது. சாமான் வாங்கும்போது எல்லாவற்றிலும் ஏமாறுவாய், பொட்டு அட்டை வாங்குவதில் மட்டும் கெட்டிக்காரி.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு மறுபடி சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

சோப்பு டப்பா அளவுக்கு ஒரு போர்டு. வயர் இல்லாமல் பாட்டையும் பேச்சையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவதற்கானது. கடையில் விற்கிற பொருள் அல்ல, அந்தப் பொருளைச் செய்கிறவர்கள் முதலில் வைத்துப் பழகுகிற போர்டு. மூடி கிடையாது, அதனால் எல்லாமே வெளியே தெரியும். கீழ் ஓரத்தில் வரிசையாக ஐந்து பட்டன்கள். சத்தம் குறைக்க ஒன்று, கூட்ட ஒன்று, நிறுத்தி ஓட்ட ஒன்று. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் வேலை எதுவும் கொடுக்காமல் எண்ணை மட்டும் அச்சடித்து விட்டிருப்பார்கள். நீயே பார்த்து ஏதாவது வைத்துக்கொள் என்று அர்த்தம். பக்கவாட்டில் நகத்தைப் பதம் பார்க்கிற ஒரு தள்ளு சுவிட்ச். மேலே ஒரு பெரிய விளக்கு, அது போர்டு யார் என்று சொல்லும்: அனுப்புகிறவருக்குப் பச்சை, இடது காதுக்கு நீலம், வலது காதுக்கு ரோஸ். அதன் பக்கத்தில் கடுகளவு மஞ்சள் விளக்கு. துணைப் போர்டு கிடைத்துவிட்டால் நிலையாக எரியும், கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டு மினுக்கும்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நம் கம்பெனி, காது சரியாகக் கேட்காத பிள்ளைகளுக்காக வகுப்பறையில் வைக்க ஒரு கருவி செய்யப் பார்த்தது. டீச்சரின் சட்டையில் ஒரு மைக், பிள்ளையின் காதில் ஒரு ஹெட்போன். அதற்காக மூன்று போர்டுகள் வாங்கினார்கள். ஈயம் உருக்கி சால்டர் வைப்பது நீ, புரோகிராம் எழுதுவது நான். ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள் என்பதால் எனக்கு ‘ஊர்க்காரி’ என்று பெயர் வைத்தாய். உனக்கு ஊர் கிடையாதா என்று கேட்டதற்கு, “எனக்கு ஆவடி கீது. அது ஊரு இல்ல, ஊடு” என்றாய்.

நீ பேசியதில் பாதி எனக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லை என்பதை உன்னிடம் நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. முக்கியமாக ‘வந்துகினே கீறேன்’. அப்போது எனக்கு அம்பத்தூரில் விடுதி. காலையில் ஸ்டேஷன் வாசலில் நின்று உனக்குப் போன் போடுவேன், இருவரும் சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடிப்பதற்காக. “வந்துகினே கீறேன்டி, அண்ணனூர் தாண்டிட்டேன்” என்பாய். உன் குரலுக்குப் பின்னால் குக்கர் விசில் அடிக்கும். அதற்கும் பின்னால் உன் அப்பாவின் டீவி தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறும். ரயிலில் ஏதட்டி குக்கர் என்று கேட்டால், “பக்கத்து சீட்டு அக்கா சமைச்சிக்கினு வருது” என்பாய். எத்தனை முறை கேட்டாலும் ஆவடிக்கு அடுத்த ஸ்டேஷனான அண்ணனூரை நீ தாண்டிக்கொண்டேதான் இருந்தாய். வந்துகொண்டிருக்கிறேன் என்றால் எங்கள் பக்கத்தில் கால் தெருவில் இருக்கிறது என்று பொருள். உன் அகராதியில் அதற்குப் பொருள் வேறு. இன்னும் கிளம்பவில்லை, ஆனால் கட்டாயம் வருவேன், நீ போய்விடாதே. அவ்வளவையும் ஒரு வார்த்தைக்குள் வைத்திருந்தாய்.

அதனால்தான் நீ அந்தக் காரியத்தைச் செய்தாய். மஞ்சள் விளக்கு மினுக்கித் துணையைத் தேடுகிற அந்த நிலைக்கு புரோகிராமில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் நீயே என் கீபோர்டில் ஆங்கில எழுத்தில் ‘வந்துகினே’ என்று தட்டிவிட்டாய். நானும் அதை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வெளியூரிலிருந்து பார்வையாளர்கள் வந்த அன்று, பெரிய திரையில் வரிவரியாக அது ஓடியது. வந்துகினே, வந்துகினே, வந்துகினே. கோட்டு போட்ட ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். நீ முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், இது ஒரு வகையான இணைப்பு முறை, தென்னிந்தியாவில் அதிகம் பயன்படுகிறது என்று சொன்னாய். அவர் அதைக் குறித்துக்கொண்டார். நான் ஓடிப்போய் பாத்ரூமில் நின்று சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

அந்தக் கருவியைக் கம்பெனி கைவிட்டது. போர்டுகள் அலமாரியில் கிடந்தன. நீ மேனேஜரிடம் கேட்டு மூன்றையும் வீட்டுக்கு எடுத்துப்போனாய். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் காலமெல்லாம் நின்று காதைத் தொலைத்துவிட்டு வந்த உன் அப்பாவுக்கு டீவி கேட்க வேண்டும், அதே சமயம் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரக் கூடாது. பச்சை விளக்குப் போர்டை டீவியில் சொருகினாய். நீல விளக்கு அவருக்கு, ரோஸ் விளக்கு உனக்கு. அவர் முன்னறையில் உட்கார்ந்து கேட்பார், நீ அடுக்களையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்பாய். பட்டனில் அச்சடித்திருந்த பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பொட்டு ஒட்டினாய். பெரிய வட்டப் பொட்டு சத்தம் கூட்ட, சின்ன வட்டம் குறைக்க. இதையெல்லாம் என்னிடம் சொன்னாய். நீளப் பொட்டைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முகம் கழுவும்போது கண்ணாடியில் ஒட்டிவைக்கிற மாதிரி சும்மா ஒட்டியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது பட்டனுக்கு என் புரோகிராமில் வேலையே இல்லை. அது எனக்குத் தெரியும், எழுதியவள் நான்.

நாம் போட்ட ஒரே பெரிய சண்டை அந்த மஞ்சள் விளக்குக்காகத்தான். எஸ்டேட் டீக்கடையில் நின்றுகொண்டு போட்டோம்.

“அஞ்சு நிமிசம் தேடட்டும். கிடைக்கலைன்னா விட்ரட்டும். சும்மா ராப்பகலா தேடுனா என்னத்துக்கு ஆகும்?” என்றேன்.

“இன்னாத்துக்கு விடணும்? கரண்ட்டுல சொருகி வெச்சிகீது. அதுக்கு இன்னா, கால் வலிக்கப் போவுதா?”

“முறைன்னு ஒண்ணு இருக்குல்லட்டி.”

“முறையாவது இன்னாவாவது. வர்றவ வர்ற வரிக்கும் தேடட்டும். நான் லேட்டா வந்தா நீ இன்னா, ஸ்டேஷன்லேர்ந்து போயிடுவியா?”

“போயிருவேன்.”

“போ மாட்ட” என்று சொல்லிவிட்டு என் டீயையும் சேர்த்துக் குடித்தாய். நான் அந்த வரியை நீ சொன்னபடியே எழுதினேன். முடிவு கிடையாது. துணை கிடைக்கும்வரை மினுக்கும்.

கடைசியாக உன்னைப் பார்த்த வெள்ளிக்கிழமை, ரோஸ் விளக்குப் போர்டை என் பையில் திணித்தாய். வலது காதில் கரகரவென்று வருகிறது, வயரிங்கில் தப்பே இல்லை, உன் புரோகிராம்தான் என்றாய். நான் வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஹெட்போன் சொருகுகிற இடத்தில் சால்டர் விட்டிருந்தது. உன் சால்டர். மறுபடி வைத்துச் சரிசெய்தேன். அதை உன்னிடம் சொல்லிக் காண்பிக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தேன், திங்கட்கிழமை மேசைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான் என்று நினைத்திருந்தேன். திங்கட்கிழமை உனக்குக் காய்ச்சல். மழைக்காலத்தில் எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தானே என்று நீயும் சொன்னாய், நானும் சொன்னேன். அந்த வாரம் முடிவதற்குள் நீ இல்லை. தப்பு உன் சால்டரில்தான்டி. சொல்லிவிட்டேன்.

ஆவடி கோவில்பதாகையில் உன் வீட்டுக்குக் காரியத்துக்கு வந்ததோடு சரி. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. போய் என்ன பேசுவது? உன் அப்பாவிடம் நான் பேசியதெல்லாம் உன் வழியாகத்தான். நான் சொல்வதை நீ அவர் காதருகே கத்துவாய். அவர் சொல்வதை நீ எனக்கு மொழிபெயர்ப்பாய், தமிழிலிருந்து தமிழுக்கு. நீ இல்லாமல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அவரே போன் செய்தார். அவர் போன் பேசுகிற முறை உனக்குத் தெரியும். பேசுவார், கேட்க மாட்டார். கேட்டாலும் காதில் விழாது என்பதால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

“பாப்பா, நான் கோயில்பதாகைலேர்ந்து பேசுறேன். அந்த டீவி டப்பால மஞ்ச லைட்டு மினுக்கிக்கினே கீது. ரிப்பேரு போல. கண்ணுக்கு பேஜாரா கீது. வந்து நிறுத்திட்டு போ. வெச்சிட்றேன்.”

ரிப்பேர் இல்லை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. டீவியில் சொருகியிருக்கும் போர்டுக்கு இரண்டு துணை. நீல விளக்கு அவர் மடியில் இருக்கிறது. ரோஸ் விளக்கு என் மேசையில் அணைந்து கிடக்கிறது. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து டீவி போர்டு உன் போர்டைத் தேடிக்கொண்டிருக்கிறது, நீ சொன்னபடி, நான் எழுதியபடி. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? உங்கள் மகளைத் தேடுகிறது, அதனால்தான் மினுக்குகிறது என்று பெற்றவரிடம் எந்த வாயால் சொல்வது? யோசித்துப் பார்த்தேன். சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு வரி மாற்றினால் போதும். அஞ்சு நிமிசம் தேடு, கிடைக்காவிட்டால் விட்டுவிடு. நான் முதலில் கேட்டதும் அதுதானே. புது புரோகிராமைத் தயார் செய்து லேப்டாப்பில் வைத்துக்கொண்டேன். போய், கேபிளைச் சொருகி, மூன்று போர்டுக்கும் ஏற்றிவிட்டு, ரிப்பேர் சரியாகிவிட்டது அங்கிள் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ரோஸ் போர்டையும் பையில் போட்டுக்கொண்டேன். அதை வெளியே எடுத்து அவரிடம் காட்டுகிற எண்ணம் எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயிலில், இப்போது நான் இருக்கிற பருத்திப்பட்டிலிருந்து வண்டியை எடுத்தேன். செக்போஸ்ட் தாண்டுவதற்குள் மூன்று முறை திரும்பிவிடலாமா என்று தோன்றியது. உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் செருப்பு இருக்கிற இடத்தைப் பார்க்காமல் கழற்றினேன். உள்ளே உன் அப்பா தரையில் உட்கார்ந்து, தலையில் அந்தப் பெரிய ஹெட்போனுடன், பழைய நகைச்சுவைக் காட்சி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் சத்தமே இல்லை. டீவியில் ஒருவர் இன்னொருவரைத் துரத்துகிறார், வாயைத் திறந்து கத்துகிறார், ஒன்றும் கேட்கவில்லை. உன் அப்பா மட்டும் சிரிக்கிறார். அடுக்களைக் குழாய் சொட்டுவதுதான் எனக்குக் கேட்டது.

“வா பாப்பா, குந்து. துன்னுட்டியா?” என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் விரலால் காட்டினார்.

எதற்காக அவர் கண்ணுக்கு அது பேஜாராக இருக்கிறது என்று அங்கே போய்த்தான் எனக்கு விளங்கியது. டீவிக்கு மேலே சுவரில் உன் படத்தை மாட்டியிருக்கிறார். மஞ்சள் விளக்கு அந்தக் கண்ணாடியில் விழுந்து விழுந்து எழுந்தது. உன் கன்னத்துப் பக்கத்தில், விடாமல். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைத் தேடினேன். பை முழுக்கக் கலைத்தேன்.

“இன்னா ரிப்பேரு?”

“சின்ன ரிப்பேர்தான் அங்கிள்” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. காதைத் திருப்பினார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னாமா?”

மெதுவாகப் பொய் சொல்லிவிடலாம். கத்திப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. கத்தினால் தெருவுக்கே கேட்கும், உன் படத்துக்கும் கேட்கும். எனக்கு அழுகைதான் வந்தது. வாயைத் திறந்தபோது வேறொன்று வந்துவிட்டது.

“ரிப்பேர் இல்ல அங்கிள். அது தேடுது.”

“இன்னாத்த தேடுது?”

“அவ போர்டைத் தேடுது.” எதிர் வீட்டில் யாரோ கதவைத் திறந்து பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. “அவதான் அப்படி எழுதச் சொன்னா. கிடைக்கிற வரைக்கும் தேடச் சொன்னா.”

அவர் மஞ்சள் விளக்கைப் பார்த்தார். “எங்க கீது அது?” என்று கேட்டார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கட்டை விரலால் பட்டன் வரிசையைத் தடவிக்கொண்டே போனவர், நீளப் பொட்டு வந்ததும் அங்கேயே நின்றார். அவர் கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியாது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் போர்டை என்னிடம் நீட்டி, “போடு” என்றார்.

சுவிட்சைத் தள்ளினேன். ரோஸ் விளக்கு வந்தது. மஞ்சள் இரண்டு போர்டிலும் ஒருமுறை சேர்ந்து மினுக்கிவிட்டு நின்றது. நின்றது என்றால் அணையவில்லை, நிலையாக எரிந்தது. உன் படத்துக் கண்ணாடியில் இப்போது அது ஒரு புள்ளி, அவ்வளவுதான். அவர் தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய உன் ஹெட்போனை எனக்குக் காட்டினார். எடுத்து மாட்டினேன். உன் தேங்காய் எண்ணெய் வாசம் பஞ்சில் இருந்தது. வீடு திடீரென்று சத்தமாகிவிட்டது. டீவியில் துரத்துகிறவனின் மூச்சிரைப்பு, தகர டப்பா உருளுவது, எல்லாம். காட்சி முடிந்து ஒரு பாட்டு வந்தது. நாம் பிரித்து எழுதியபடி அவருக்கு இடது பாதி, எனக்கு வலது பாதி. எனக்கு வயலின் மட்டும் கேட்டது. தபேலா அவரிடம் இருந்திருக்க வேண்டும், தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த காட்சியில் ஒருவன் ஏணியோடு கிணற்றில் விழுந்தான். அப்போது என் கையிலிருந்த ரோஸ் விளக்கு அணைந்து அணைந்து மூன்று முறை எரிந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த விளக்கு அப்படி எரியாது. எரியும்படி நான் எழுதவில்லை. போர்டு கெட்டுவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். உன் அப்பா வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கட்டை விரல் அவருடைய போர்டில், நாலாவது பட்டனில், அங்கேயும் ஒட்டியிருந்த நீளப் பொட்டின் மேல் இருந்தது.

ஹெட்போனைக் கழற்றி அவர் காதருகே போய், “என்னது இது?” என்று கத்தினேன்.

“சிரிப்பு வந்துச்சின்னா அமுக்குவேன். அவ உள்ள சப்பாத்தி தேச்சிக்கினு இருப்பா இல்ல, டீவி தெரியாது. லைட்டு எரிஞ்சா, நைனா சிரிக்குதுன்னு தெரிஞ்சிக்குவா. அவ அமுக்குனா என்து எரியும்.” விரலைப் பொட்டிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: “பழக்கத்துல அமுக்கிட்டேன். இத்தினி நாளும் அமுக்கிக்கினுதான் இருந்தேன்.”

என் புரோகிராமுக்குள் எனக்குத் தெரியாமல் புகுந்து இதை எழுதி வைத்திருக்கிறாய். சால்டரைத் தவிர எதுவும் தெரியாத மாதிரி என் எதிரில் உட்கார்ந்திருந்தாய். என்னிடம் சொல்லியிருந்தால் முறை, பேட்டரி என்று நூறு குறை சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. கேபிள் என் மடியில் கிடந்தது. உன் லேப்டாப்பை ஆபீஸில் வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், நீ எழுதியது வேறு எங்கும் இல்லை, இந்த மூன்று போர்டுகளுக்குள் மட்டும்தான். உள்ளே நுழைந்ததும் நான் கேபிளைச் சொருகிப் புது புரோகிராமை ஏற்றியிருந்தால் அதுவும் அழிந்துபோயிருக்கும். உன் அப்பா அதற்குப் பிறகும் அமுக்கியிருப்பார். எனக்குத் தெரிந்திருக்காது. லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தேன்.

“நீ அமுக்கு” என்றார். நீளப் பொட்டின் மேல் விரலை வைத்து அமுக்கினேன். அவர் மடியில் நீல விளக்கு மூன்று முறை எரிந்தது. அவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு டீவி பக்கம் திரும்பிக்கொண்டார். வயிறு பசிக்கிறவரை உட்கார்ந்து பார்த்தோம். அவருக்குச் சிரிப்பு வந்தபோதெல்லாம் என் கையில் எரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் ஒன்றிரண்டு முறை அமுக்கினேன்.

கிளம்பும்போது ரோஸ் போர்டை அங்கேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். விளக்கு நிலையாக எரியும், கண்ணாடியில் மினுக்காது.

“வாணாம்” என்றார். “ஆளு இல்லாம லைட்டு மட்டும் எரிஞ்சா அது பொய் இல்ல? நீ எடுத்துக்கினு போ. வர்றப்போ எடுத்துக்கினு வா. அது மினுக்கிக்கினு கெடக்கட்டும். இன்னாத்துக்குன்னு தெரியாமதான் பேஜாரா இருந்துச்சி.”

நான் வண்டியை எடுக்கும்போது பின்னாலிருந்து, “சால்டரு பட்டுன்னு வுட்டுடும், பாத்து எடுத்துக்கினு போ” என்றார். அப்படியானால் தப்பு யாருடையது என்று உனக்கே தெரிந்திருக்கிறது, அவரிடம் ஒத்துக்கொண்டிருக்கிறாய், என்னிடம் மட்டும் புரோகிராம்தான் என்று சாதித்திருக்கிறாய். உன் படத்தைப் பார்த்துத் திட்ட வேண்டும் போலிருந்தது.

தனியாக இருக்கிறேன்டி. அதைத்தான் இவ்வளவு நீளத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னாய் என்றுதான் பருத்திப்பட்டில் இந்த வீட்டை எடுத்தேன், ஆவடிக்குப் பக்கம், ஏரிக் காற்று வரும் என்று. காற்று வருகிறது. ஆபீஸில் உன் நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள், நல்ல பெண்தான், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறாள். யாருக்காகவும் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டிய வேலை எனக்கு இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து இந்தப் போர்டைப் போட்டுப் பார்த்தேன். ரோஸ் வந்தது. மஞ்சள் மினுக்கியது. இங்கிருந்து கோவில்பதாகைக்கு எட்டாது என்று எனக்குத் தெரியும், எவ்வளவு தூரம் எட்டும் என்று அளந்து பார்த்ததே நான்தான். இருந்தாலும் இருட்டும்வரை அணைக்காமல் வைத்திருந்தேன். நீளப் பொட்டை ஒருமுறை அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அங்கே டீவிக்குப் பக்கத்தில் மினுக்குவது இப்போது யாருக்காக என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் இடத்துக்கு நான் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னை மாதிரி எனக்குச் சப்பாத்தி வராது, நைனா என்கிற வார்த்தையும் வாயில் வரமாட்டேன் என்கிறது. போர்டு என் கையில் இருப்பதால் அது என்னைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

காலையில் மேசையைத் துடைத்து முடித்து, தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது போன் அடித்தது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை.

“பாப்பா, மினுக்கிக்கினே கீது. வெச்சிட்றேன்.”

“வந்துகினே கீறேன் அங்கிள், செக்போஸ்ட் தாண்டிட்டேன்” என்றேன். போன் அதற்குள் கட்டாகியிருந்தது. நான் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.